பாதை யார் கையில்? டவர் டிபன்ஸ் கேம்களைத் தேடிப் பிடிப்பது எப்படி

கம்ப்யூட்டர் கேம் என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது கார் ரேஸும் துப்பாக்கிச் சண்டையும்தான். இவற்றில் புதிதாக வருபவை தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் பெரும்பாலும் இயங்குவதில்லை. இயங்கினாலும் திக்கித் திக்கி நகரும். கை வேகமும் வேண்டும். வீட்டில் பெரியவர்கள் யாராவது ஆசைப்பட்டு உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் தோற்றுப் போய் மவுஸைப் பையனிடம் கொடுத்துவிட்டு எழுந்து விடுவார்கள்.

கை வேகத்திற்குப் பதிலாக யோசனையைக் கேட்கும் கேம்களும் உண்டு. அவற்றில் ஒரு வகை டவர் டிபன்ஸ். எதிரிகள் அலை அலையாக வருவார்கள். நீங்கள் ஆங்காங்கே டவர்களை நிறுத்தி அவர்களைத் தடுக்க வேண்டும். இதன் பெரிய அண்ணன் என்று பேஸ் பில்டிங் வகையைச் சொல்லலாம். இதில் டவர் மட்டுமின்றி சுரங்கம், தொழிற்சாலை, வீடு என ஒரு தளத்தையே கட்டி, அதைக் காப்பாற்றவும் வேண்டும். இந்த இரு வகைகளிலும் நல்லவை பல, பெரிய நிறுவனங்களிடமிருந்து வரவில்லை. ஒருவரோ நான்கைந்து பேரோ சேர்ந்து சொந்த முயற்சியில் உருவாக்கியவை. இவற்றைத்தான் இண்டி கேம்ஸ் என்கிறோம். பல கேம்கள் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடும் என்பது கூடுதல் லாபம்.

சிக்கல் வேறு இடத்தில் உள்ளது. இவை ஆயிரக்கணக்கில் உள்ளன. பட்டியலில் பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே தெரியும். பச்சைப் புல்வெளி, வளைந்து செல்லும் சாலை, ஓரத்தில் நான்கு கோபுரங்கள். படத்தைப் பார்த்து வாங்கினால் பாதிக்குப் பாதி ஏமாற்றம்தான். வாங்கும் முன் ஒரு கேமிடம் இரண்டே கேள்விகள் கேட்டால் அது நமக்கு ஏற்றதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தக் கேள்விகளையும், காசு செலவழிக்காமல் அவற்றைப் பழகிப் பார்க்கும் வழியையும் இங்கு காணலாம்.

எங்கிருந்து வந்தன?

1990 ஆம் ஆண்டில் அட்டாரி கேம்ஸ் வெளியிட்ட ராம்பார்ட் என்ற ஆர்கேட் கேமை இந்த வகையின் முன்னோடி என்பார்கள். சுவரைக் கட்டு, பீரங்கியை வை, கப்பல்கள் சுட்டு உடைத்ததை மீண்டும் கட்டு என்பதுதான் அதன் ஆட்டம். ஆனால் இன்று நாம் காணும் வடிவம் விளையாடியவர்கள் கையிலேயே உருவானது. 1998ல் வந்த ஸ்டார்கிராப்ட், 2002ல் வந்த வார்கிராப்ட் 3 ஆகிய இரண்டிலும் மேப்களை நாமே வடிவமைக்கும் எடிட்டர் தரப்பட்டது. அதை வைத்து ரசிகர்கள், படைகளை நடத்தும் வேலையையே எடுத்துவிட்டு, டவர் கட்டும் வேலையை மட்டும் வைத்துத் தனி மேப்களை உருவாக்கினர். எலிமெண்ட் டிடி என்பது அவற்றில் புகழ் பெற்ற ஒன்று.

2007ல் பால் பிரீஸ் என்ற பிரிட்டன் புரோகிராமர் இந்த யோசனையைப் பிரவுசருக்குள் கொண்டு வந்தார். முதலில் பிளாஷ் எலிமெண்ட் டிடி, அடுத்து டெஸ்க்டாப் டவர் டிபன்ஸ். இரண்டாவதில் விளையாட்டு மைதானம் ஓர் அலுவலக மேஜை. இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, காசும் இல்லை என்பதால், உலகம் முழுக்க அலுவலக நேரத்தைத் தின்ற கேம்களில் இதுவும் ஒன்றானது. நியூசிலாந்தின் நின்ஜா கிவி நிறுவனம் அதே ஆண்டில் புளூன்ஸ் டவர் டிபன்ஸைத் தந்தது. தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டில் மூன்று பேர் தொடங்கிய அயர்ன்ஹைட் 2011ல் கிங்டம் ரஷ் கேமைத் தந்தது. 

இவை மூன்றும் முதலில் பிளாஷில் எழுதப்பட்டவை. அந்த பிளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31 உடன் நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் பிளேயரே பைல்களை இயக்க மறுத்தது. ஒரு தலைமுறையின் கேம்கள் ஒரே வாரத்தில் கறுப்புத் திரையாயின. கிங்டம் ரஷ், புளூன்ஸ் போல வேறு வடிவத்திற்கு மாற்றப்பட்டவை தப்பின. மற்றவற்றில் பலவற்றை ரபிள் என்ற எமுலேட்டரும், பிளாஷ்பாயிண்ட் என்ற சேகரிப்புத் திட்டமும் காப்பாற்றி வைத்துள்ளன. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலும் ரபிள் மூலம் இயங்கும் பழைய பிளாஷ் கேம்கள் உள்ளன. பழையவற்றைத் தேடுபவர்கள் இந்த இடங்களில் தொடங்கலாம்.

முதல் கேள்வி: பாதை யார் கையில்?

எதிரி நடந்து வரும் பாதையை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் இந்தக் கேம்களைப் பிரித்தறிய நல்ல அளவுகோல்.

சிலவற்றில் பாதையைக் கேமே போட்டுக் கொடுத்துவிடும். கிங்டம் ரஷ் இதற்கு உதாரணம். சாலை மாறாது; டவர் கட்டும் இடங்களும் குறிக்கப்பட்டிருக்கும். வில்லாளிகள், மந்திரவாதிகள், பீரங்கி, வீரர் முகாம் என நான்கு வகை. இவற்றில் முகாம்தான் சிறப்பு. அதிலிருந்து வரும் வீரர்கள் சாலையில் நின்று எதிரியை மறிப்பார்கள். மறித்த இடத்தில் மற்ற டவர்கள் சுடும். எதை எங்கு வைப்பது என்பதோடு உங்கள் வேலை முடிகிறது. முதல் முறை விளையாடுபவர்களுக்கும், பிள்ளைகளுடன் சேர்ந்து விளையாடுபவர்களுக்கும் இந்த வகையே ஏற்றது.

வேறு சிலவற்றில் வெறும் திடலைக் கொடுத்து விடுவார்கள். நீங்கள் வைக்கும் டவர்களே சுவராக மாறும்; எதிரி அவற்றைச் சுற்றிக் கொண்டு வர வேண்டும். டெஸ்க்டாப் டவர் டிபன்ஸ் இந்த வகை. இதில் உள்ள கணக்கு எளிமையானது. எதிரி ஒரு கட்டத்தைக் கடக்க ஒரு விநாடி ஆகிறது என்று வையுங்கள். பாதை ஓரத்தில் உள்ள ஒரு டவர் ஐந்து கட்டங்கள் வரை சுடும் என்றால், நேர்ப்பாதையில் அதற்குக் கிடைப்பது 5 விநாடிகள். அதே பாதையைப் பாம்பு போல மடித்து, எதிரி அந்த டவர் அருகே மூன்று முறை வரும்படி செய்தால் ஏறக்குறைய 15 விநாடிகள் கிடைக்கும். ஒரு டவர் வாங்கிய விலையில் மூன்று டவரின் வேலை! எனவே இந்த வகையில் விலை உயர்ந்த டவரை வாங்குவதைவிட, மிக மலிவான டவர்களை வரிசையாக வைத்துப் பாதையை நீட்டுவதே முதல் வேலை.

முழுவதுமாக அடைத்துவிடலாமே என்று தோன்றும். கேம் அனுமதிக்காது. ஒரு வழியாவது திறந்திருக்க வேண்டும். ஆனால் கைதேர்ந்தவர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். இரண்டு வாசல்களை வைத்து, எதிரி ஒரு வாசலை நெருங்கும்போது அதை அடைத்து மற்றொன்றைத் திறப்பார்கள். எதிரி திரும்பி அந்தப் பக்கம் ஓடும். பாதி வழி போனதும் மாற்றித் திறப்பார்கள். ஜக்லிங் என்று இதற்குப் பெயர். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் பறந்து வரும் எதிரிகளிடம் இந்தச் சாமர்த்தியம் எதுவும் செல்லாது. அவை நேராகத் தலைக்கு மேலே போய்விடும். சுவர் கட்டுவதில் மூழ்கிப் போனவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்குதான்.

இன்னும் சிலவற்றில் பாதை என்ற பேச்சே இல்லை. நடுவில் உங்கள் தளம். எந்தத் திசையிலிருந்தும் ஆபத்து வரலாம். தளம் பெரிதாகப் பெரிதாகக் காக்க வேண்டிய எல்லையும் நீளும். இதுதான் பேஸ் பில்டிங். தே ஆர் பில்லியன்ஸ், பேக்டோரியோ, ரிம்வேர்ல்டு எல்லாம் இந்தப் பக்கம் சேரும். ஒரு ஆட்டம் பல மணி நேரம், சில நேரம் பல வாரங்கள் கூட ஓடும். அரை மணி நேரம் பொழுது போக்க நினைப்பவர் இதில் கை வைக்கக் கூடாது.

இரண்டாவது கேள்வி: காசை எதில் போடுவது?

இரண்டாவது கேள்வி, கையில் உள்ள காசுக்கு எத்தனை வேலை காத்திருக்கிறது என்பது. எதிரியைக் கொன்றால் காசு, காசுக்கு டவர் என்று மட்டும் இருந்தால் அந்தக் கேம் சீக்கிரம் சலித்துவிடும். காசை டவரில் போடுவதா, மேலும் காசு தரும் ஒன்றில் போடுவதா என்று தவிக்க வைக்க வேண்டும்.

2009ல் பாப்கேப் வெளியிட்ட பிளாண்ட்ஸ் வெர்சஸ் ஜோம்பீஸ் பலருக்கும் தெரிந்த கேம். அதை எடுத்துக் கொள்வோம். அதில் காசுக்குப் பதில் சூரிய ஒளி. தொடக்கத்தில் கையில் 50 இருக்கும். சுடும் செடியான பட்டாணிக்கு 100 வேண்டும்; சூரியகாந்திக்கு 50 போதும். சூரியகாந்தி சண்டை போடாது. ஆனால் சுமார் 24 விநாடிக்கு ஒருமுறை 25 ஒளி தரும். ஏறக்குறைய 48 விநாடிகளில் போட்ட முதல் திரும்பிவிடும். அதன் பின் வருவதெல்லாம் லாபம். அப்படியானால் சூரியகாந்தியாகவே நட்டுக் கொண்டு போகலாமா? போகலாம், முதல் ஜோம்பி வாசலுக்கு வரும் வரை. எந்த நிமிடத்தில் நடுவதை நிறுத்தி, சுடும் செடிக்கு மாறுவது என்பதில்தான் முழு ஆட்டமும் உள்ளது. நெல் விதைப்பதா, வேலி போடுவதா என்ற அதே கேள்விதான். புளூன்ஸ் வரிசையில் வாழைத் தோட்டம் இந்த வேலையைச் செய்கிறது.

புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பயத்தில் முதல் ஐந்து நிமிடத்திலேயே கையில் உள்ளதை எல்லாம் டவரில் போட்டு விடுவார்கள். முதல் சில அலைகள் வந்த வேகத்தில் அழியும். பெருமையாக இருக்கும். பத்தாவது அலையில் வருமானம் போதாமல் வீழ்வார்கள். தோற்றது பத்தாவது அலையில் அல்ல, இரண்டாவது அலையில்.

இலவசமாகப் பழக: மைண்டஸ்ட்ரி

இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பழக, நான் பரிந்துரைப்பது மைண்டஸ்ட்ரி. 2017ல் ஒரு கேம் உருவாக்கும் போட்டிக்காக அனுகன் என்ற பெயரில் இயங்கும் புரோகிராமர் எழுதத் தொடங்கியது. போட்டியில் முதல் பரிசும் பெற்றது. இது ஓப்பன் சோர்ஸ். ஸ்டீம் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆனால் இட்ச் டாட் ஐஓ, கிட்ஹப் ஆகிய தளங்களில் இலவசம். இரண்டும் ஒரே கேம்தான். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். ஆண்ட்ராய்டு போனுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. படம் பழைய காலத்து வீடியோ கேம் போலக் கட்டம் கட்டமாக இருக்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

இட்ச் தளத்தில் டவுண்லோட் பட்டனை அழுத்தியதும் விருப்பமான தொகையைத் தருமாறு கேட்கும். அதில் காசு தராமல் தொடரும் லிங்க்கும் இருக்கும். கிடைக்கும் ஸிப் பைலைத் தனி போல்டரில் விரித்து, உள்ளே உள்ள இஎக்ஸ்இ பைலை இயக்கினால் போதும். விண்டோஸ் ஒரு நீலக் கட்டத்தைக் காட்டி எச்சரிக்கலாம். சிறிய புரோகிராமர்கள் பலர் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழுக்குப் பணம் செலவழிப்பதில்லை என்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். இருந்தாலும் ஆண்ட்டி வைரஸ் மூலம் ஒருமுறை சோதித்துவிட்டு இயக்குவது நல்லது. டவுண்லோட் செய்தது அசல் பக்கத்திலிருந்துதானா என்றும் பார்த்துக் கொள்ளவும்.

முதல் மேப்பின் பெயர் கிரவுண்ட் ஸீரோ. நடுவில் இருக்கும் கட்டடம் கோர். அது உடைந்தால் ஆட்டம் முடிந்தது. சுற்றிலும் தரையில் செம்பும் ஈயமும் மணலும் திட்டுத் திட்டாகத் தெரியும். செம்பு உள்ள இடத்தில் மெக்கானிக்கல் டிரில் ஒன்றை வைக்கவும். அங்கிருந்து கோர் வரை மவுஸை அழுத்தி இழுத்தால் கன்வேயர் பெல்ட் வரிசையாக அமையும். மவுஸ் வீலை உருட்டினால் திசை மாறும். தவறாக வைத்ததை ரைட் பட்டனை அழுத்தி இழுத்து நீக்கலாம். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆட்டம் நிற்கும். நிறுத்தி வைத்து யோசிக்கலாம், வெட்கப்பட வேண்டியதில்லை.

செம்பு கோருக்கு வந்து சேரத் தொடங்கியதும் நமது பழைய கேள்வி எதிரே வந்து நிற்கும். டூயோ என்ற முதல் துப்பாக்கி டவருக்கு 35 செம்பு. டிரில்லுக்கு 12. விலைகள் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம், விகிதம்தான் முக்கியம். ஒரு டவரின் விலையில் ஏறக்குறைய மூன்று டிரில்கள். முதல் அலை வரும் வரை நேரம் ஓடுவதைத் திரையில் காணலாம். எதிரி வரும் பக்கம் இரண்டு டூயோ, மீதி எல்லாம் டிரில் என்று தொடங்கிப் பாருங்கள். அடுத்த முறை எல்லாவற்றையும் டூயோவில் போட்டுப் பாருங்கள். இருபது நிமிடத்தில் வித்தியாசம் தானாகப் புரியும்.

மைண்டஸ்ட்ரியில் டவரை வைத்தால் மட்டும் போதாது. அதற்குக் குண்டு வேண்டும். டூயோவுக்குச் செம்பே குண்டு; கிராபைட் கொடுத்தால் அடி பலமாக விழும். எனவே சுரங்கத்தில் வரும் செம்பில் ஒரு பங்கைத் துப்பாக்கிக்கும் அனுப்ப வேண்டும். இங்குதான் பலர் குழம்புவார்கள். கன்வேயர் தனக்கு நேர் எதிரே உள்ளதற்கு மட்டுமே பொருளைத் தரும். பக்கத்தில் உரசிக் கொண்டு நிற்கும் டவருக்குத் தராது. வரிசையாக நான்கு டவர்களை வைத்து, ஓரமாகக் கன்வேயரை ஓட்டிவிட்டு, ஏன் சுடவில்லை என்று யோசித்துக் கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். இடையிடையே ரௌட்டர் என்ற சிறு கட்டத்தை வைக்க வேண்டும். அது வந்த பொருளைச் சுற்றியுள்ள எல்லாவற்றிற்கும் பிரித்துத் தரும். டிரில் மட்டும் தன்னை ஒட்டியுள்ள டவருக்கு நேரடியாகவே கொடுத்துவிடும். அதனால் செம்புத் திட்டிலேயே டிரில்லும் டூயோவும் ஒட்டி நின்றால் கன்வேயரே வேண்டாம்.

இதைவிட என்னை அதிகம் பாடாய்ப்படுத்தியது மணல். கோருக்கு மணல் தேவைப்பட்டது. தனியாக ஒரு கன்வேயர் போடச் சோம்பல்பட்டு, மணல் டிரில்லை ஏற்கெனவே ஓடிக் கொண்டிருந்த செம்புக் கன்வேயரில் சேர்த்துவிட்டேன். அதில் ஒரு கிளை, டவர் வரிசைக்குப் போய் கடைசி டவரில் முடிந்தது. மணலை டூயோ ஏற்காது. முதல் மணல் கடைசி ரௌட்டரில் போய் நின்றது. அதற்குப் போக இடமில்லை. அதன் பின்னால் செம்பு நின்றது, அதன் பின்னால் இன்னொரு மணல். டவர்களில் முன்பே நிரம்பியிருந்த குண்டு இருந்ததால் அடுத்த இரண்டு அலைகள் வரை எதுவும் தெரியவில்லை. மூன்றாவது அலையில் எல்லா டவரும் ஒரே நேரத்தில் ஊமையாயின. எதிரிகள் நடந்து வந்து கோரை உடைத்தார்கள். ஒரு மணி நேர உழைப்பு, ஒரு பிடி மணலில் போனது.

தீர்வு எளிது. டவர் வரிசையைத் தாண்டிக் கன்வேயரை நீட்டி மீண்டும் கோரிலேயே முடிக்கவும். கோர் எல்லாவற்றையும் வாங்கிக் கொள்ளும் என்பதால் எதுவும் தேங்காது. அல்லது கிளை பிரியும் இடத்தில் சார்ட்டர் வைத்து, செம்பு மட்டும் போகும்படி செய்யவும். தோற்ற காரணத்தைப் பெல்ட்டைப் பின்தொடர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடிந்ததே, அதுதான் இந்தக் கேமின் மேல் எனக்குள்ள மதிப்பு. அதிர்ஷ்டம் இல்லை, கை வேகம் இல்லை. தவறு என்னுடையது, கண் முன்னே கிடந்தது.

அடுத்தடுத்த மேப்களில் நிலக்கரியை கிராபைட்டாக மாற்றும் அச்சு, தரையில் வருபவர்களைத் தொலைவிலிருந்து அடிக்கும் ஹெயில், வானில் வருபவற்றை மட்டும் தாக்கும் ஸ்கேட்டர், உடைந்ததைப் பழுது பார்க்கும் மெண்டர் என ஒவ்வொன்றாகத் திறக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்க முயல வேண்டாம்.

மைண்டஸ்ட்ரி பிடித்தால் அடுத்து எது?

அதில் உங்களுக்கு எந்தப் பகுதி பிடித்தது என்று பாருங்கள். பெல்ட்டுகளை அமைப்பதில் நேரம் போனதே தெரியவில்லை என்றால் பேக்டோரியோதான் உங்கள் கேம். செக் நாட்டின் பிராக் நகரில் இயங்கும் வூப் நிறுவனம் 2013ல் பொதுமக்களிடம் நிதி திரட்டி, 2020 ஆகஸ்ட்டில் முழுப் பதிப்பைத் தந்தது. அதில் எதிரி சும்மா வருவதில்லை. உங்கள் தொழிற்சாலை வெளியிடும் புகை பரவி, பூச்சிகளின் கூடுகளைத் தொடும்போது அவை கிளம்பி வரும். நீங்கள் வளரும் வேகமே ஆபத்தின் வேகம். விலை அதிகம். தள்ளுபடி விற்பனையில் வைப்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. எனவே விலை குறையும் என்று காத்திருக்க வேண்டாம். இலவச டெமோ இருக்கிறது. அதை முடித்துவிட்டு முடிவு செய்யவும்.

எல்லை காப்பதில் உள்ள பதற்றம் பிடித்திருந்தால், ஸ்பெயினின் நுமான்டியன் கேம்ஸ் தந்த தே ஆர் பில்லியன்ஸ். 2019ல் முழுமையாக வெளிவந்தது. ஒரே ஒரு ஜோம்பி கண்ணில் படாமல் புகுந்து ஒரு வீட்டைத் தொட்டால் போதும். அந்த வீட்டில் உள்ளவர்கள் அனைவரும் ஜோம்பிகளாகி அடுத்த வீட்டைத் தாக்குவார்கள். ஐந்து மணி நேரம் கட்டியது ஐந்து நிமிடத்தில் போகும். தோற்பதைத் தாங்க முடியாதவர்கள் விலகி இருப்பது நலம். நான் இதை மதிக்கிறேன், ஆனால் மாதம் ஒருமுறைக்கு மேல் திறப்பதில்லை.

அவ்வளவு நேரம் இல்லை, அரை மணியில் ஒரு முடிவு தெரிய வேண்டும் என்பவர்களுக்கு ஜெர்மனியின் கிரிஸ்லி கேம்ஸ் உருவாக்கிய த்ரோன்பால். 2024 அக்டோபரில் முழுப் பதிப்பு வந்தது. குதிரை மேல் ஓர் அரசர். பகலில் கட்டலாம், இரவில் சண்டை. விடிந்ததும் வீடுகளிலிருந்து காசு வரும். அந்தச் சில காசுகளில் வீடா, மதிலா, வில்லாளியா என்று முடிவெடுக்க வேண்டும். நான் மேலே சொன்ன இரண்டாவது கேள்வியை இவ்வளவு சுருக்கமாகக் கேட்கும் கேம் வேறு நான் பார்க்கவில்லை.

வித்தியாசமாக ஒன்று வேண்டுமா? 2009ல் தொடங்கிய கிரீப்பர் வேர்ல்டு வரிசையைப் பாருங்கள். அதில் எதிரி ஒரு திரவம். வெள்ளம் போல மேடு பள்ளம் பார்த்துப் பரவி வரும். ஏரி உடைந்த ஊரில் கரை கட்டுவது போன்ற அனுபவம்.

தேடும் இடமும் முறையும்

ஸ்டீம் கடையில் பெயர் தெரியாமல் தேடும்போது டேக்குகளைப் பயன்படுத்தவும். டவர் டிபன்ஸ், பேஸ் பில்டிங், இண்டி ஆகியவற்றை ஒன்றாகத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் சுருங்கும். விலை நமக்கு ரூபாயிலேயே காட்டப்படும். ஒரு கேமின் பக்கத்தைத் திறந்ததும் டிரெய்லரைப் பார்த்து மயங்க வேண்டாம். நேராகக் கீழே சென்று, பிடிக்கவில்லை என்று எழுதியவர்களின் கருத்தைப் படிக்கவும். ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பதும் அங்கே இருக்கும். அரை மணி விளையாடித் திட்டியவரை விட்டுவிடலாம். நாற்பது மணி நேரம் விளையாடியவர், பிற்பகுதியில் புதிதாக எதுவும் இல்லை என்று எழுதினால் அதை நம்பலாம்.

ஏர்லி ஆக்ஸஸ் என்று குறிப்பிட்டிருந்தால் கேம் இன்னும் முடியவில்லை, பாதியில் விற்கிறார்கள் என்று பொருள். பேக்டோரியோ, த்ரோன்பால் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். அதே நேரம், பாதியில் நின்று போனவையும் ஏராளம். செய்திப் பகுதியில் கடைசி அப்டேட் எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். ஓராண்டாகச் சத்தமே இல்லை என்றால் வாங்க வேண்டாம். முழுமையாக்குவோம் என்ற வாக்குறுதிக்கு அல்ல, இன்று டிஸ்கில் இறங்கும் கேமுக்கு மட்டுமே காசு கொடுக்கவும்.

வாங்கிய 14 நாட்களுக்குள், விளையாடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பப் பெறலாம். டவர் டிபன்ஸ் கேமை எடை போட இந்த 2 மணி நேரம் தாராளம். பேஸ் பில்டிங்குக்குப் போதாது. அதற்கு டெமோவையே நம்ப வேண்டும். ஆண்டில் சில முறை நடக்கும் ஸ்டீம் நெக்ஸ்ட் பெஸ்ட் நாட்களில் வெளிவராத இண்டி கேம்களின் டெமோக்கள் நூற்றுக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கும். ஒன்று கவனிக்கவும்: 2024 ஜனவரி முதல் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றுக்கு ஸ்டீம் ஆதரவு தருவதில்லை. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இட்ச் தளமே வசதி. அங்கு டவர் டிபன்ஸ் என்ற டேகுடன் இலவசம், பிரவுசரிலேயே இயங்கும் என்ற பிரிவுகளையும் சேர்த்துத் தேடலாம். தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும். பத்தில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம்.

போனில் பேஸ் பில்டிங் என்று தேடினால் வருபவை பலவும் வேறு ரகம். 2012ல் வந்த கிளாஷ் ஆப் கிளான்ஸ் வழியைப் பின்பற்றி, ஒரு கட்டடத்தை உயர்த்த மணிக்கணக்கில், நாள்கணக்கில் காத்திருக்க வைப்பார்கள். காத்திருக்க முடியாவிட்டால் உண்மையான பணத்தில் ரத்தினம் வாங்க வேண்டும். இலவசம் என்று இறக்கிக் கொள்ளும் முன், கடைப் பக்கத்தில் இன் ஆப் பர்ச்சேஸ் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளின் கையில் போன் இருக்கும் வீடுகளில், வாங்கும்போதெல்லாம் பாஸ்வேர்டு கேட்கும்படி பிளே ஸ்டோரில் செட் செய்துவிடவும்.

மைண்டஸ்ட்ரியில் முன்னேறியவர்களுக்கு ஒரு குறிப்பு. விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்யும்போது கேம் போல்டரை மட்டும் காப்பி செய்தால், நீங்கள் கட்டிய தளங்கள் உடன் வராது. செட்டிங்ஸில் கேம் டேட்டா என்ற பிரிவுக்குச் சென்று எக்ஸ்போர்ட் கட்டளை கொடுத்தால் எல்லாம் ஒரே பைலாகக் கிடைக்கும். அதை பென் டிரைவில் வைத்துக் கொண்டு, பின்னர் அதே இடத்தில் இம்போர்ட் செய்யவும்.